ராக்கெட் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு

செவ்வாய்க்கிரகத்துக்குப் புறப்பட்ட நான்கு பேர், ராக்கெட்டில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் பதினெட்டு விநாடி. இதைத்தான் சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு மலேசியாவின் கெடா மாநிலத் தமிழர்கள் கைப்பேசியில் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒன்றரை மணி நேரப் படத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி டிக்டாக்கில் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

படத்தின் பெயர் ‘செவ்வாய்க்கு ஆள் தேவை’. எடுத்தவள் புக்கிட் செலம்பாவ் என்ற ஊரின் காஞ்சனா. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்கும் வீடியோ எடுப்பவள். நாற்பத்தாறு வயது. ஊரார் கல்யாணத்தை எல்லாம் எடுத்து எடுத்தே தனக்கு ஒன்று வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள். டிக்டாக்குக்குப் பிறகு அவள் பெயர் ராக்கெட் அக்கா ஆகிவிட்டது. சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்துக்குள் அவள் கேமராவோடு நுழைந்தபோது, மாப்பிள்ளைத் தோழர்கள் நான்கு பேர் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு அவளுக்கு சல்யூட் அடித்தார்கள். அவள் அசரவில்லை. அதையும் ஒழுங்காகப் படம் பிடித்து மாப்பிள்ளையின் கல்யாண வீடியோவிலேயே சேர்த்துவிட்டாள்.

“செவ்வாயில மழ பேஞ்சா சிலிப்பர் நனைஞ்சிடுமே லா” என்று ஒருவன் எழுதியிருந்தான். “இது ராக்கெட்டா, கோயிலா?” என்று இன்னொருத்தி. யாரோ வேலைவெட்டி இல்லாதவன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, “ஆளு நாலு, சிலிப்பர் அஞ்சு ஜோடி. அஞ்சாவது யாரோடது?” என்று கேட்டான். அந்தக் கேள்வி தீயாய்ப் பரவியது. கண்ணுக்குத் தெரியாத வேற்றுக்கிரகவாசி ஒருவன் கூடவே ஏறியிருக்கிறான் என்று ஒரு கூட்டம் அடித்துப் பேசியது.

அது காஞ்சனாவின் செருப்பு. அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் அதையும் பதினெட்டு விநாடியாக வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிரிப்பு அவளுக்குப் புதிதில்லை. அவள் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்காக. சிரித்தவர்களில் ஒருவர்கூட முழுப்படத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து வருடமாக அந்தப் படத்தின் முடிவை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பன்னிரண்டு வயதில், குருண் கடைத்தெருவில். அங்கே அய்யூபின் அத்தா மாடியில் வீடியோ டேப் கடை வைத்திருந்தார். காஞ்சனாவின் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தைக்கு வரும்போது மகளையும் மாடிக்குக் கூட்டி வருவாள். தமிழ்ப்படம் இரண்டு எடுத்தால், மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை இளைஞன் அய்யூப் சும்மாவே தூக்கிக் கொடுப்பான். யாரும் சீந்தாத டேப்புகள். எந்த ஊர்ப் படம், எந்த மொழி, ஒன்றும் தெரியாது. ரப்பர் பூதம் அட்டை வீடுகளை மிதிக்கும். பறக்கும் தட்டு நூலில் ஆடும். பல்லி வேஷம் போட்ட ஒருவன் திரும்பி ஓடும்போது முதுகில் ஜிப் பளிச்சென்று தெரியும்.

தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் ஜிப்பைப் பார்த்து உருண்டு சிரித்தார்கள். காஞ்சனாவும் சிரித்தாள். பிறகு எல்லாரும் போனதும் டேப்பைப் பின்னால் ஓட்டி அந்த ஜிப்பை மறுபடி பார்த்தாள். உள்ளே ஒருவன் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். அவன் முதுகில் அதை யாரோ இழுத்து மூடியிருக்கிறார்கள். இந்தச் சட்டையை யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். பெரிய படங்களில் வானம் தானாகப் பிளக்கும், கப்பல் தானாகப் பறக்கும். மனிதன் கை பட்டதாகவே தோன்றாது. இந்தப் படங்களிலோ ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஆள் தெரிந்தது. கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் சந்திரமண்டலத்துக்குக் குறைந்து கதை சொல்ல மாட்டேன் என்கிற அந்தத் திமிர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தத் திமிர் அவள் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது.

பள்ளி முடித்து, தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்று, கேமரா வாங்கி, கல்யாணங்களுக்கு ஓடி, முப்பத்தொன்றாவது வயதில் அவள் தன் படத்தை எடுத்தாள். கதை அவளுடையதுதான். செவ்வாயில் ஒரு கம்பெனி ரப்பர் மரம் வைத்திருக்கிறது. பால் வெட்ட ஆள் இல்லை. பூமியில் ஒரு தோட்டத்தை இழுத்து மூடி, அங்கே உள்ளவர்களை ராக்கெட்டில் ஏற்றுகிறார்கள். காவலுக்கு ஒரு கங்காணி. பாதி வழியில் பால்வெட்டுக்காரி ஒருத்தி கங்காணியைக் கட்டிப்போட்டு ராக்கெட்டைத் தன் கைக்குக் கொண்டுவருகிறாள்.

அந்தப் பால்வெட்டுக்காரியாக நடித்தது காளியம்மா, நிஜத்திலும் பால்வெட்டுக்காரிதான். கங்காணியாக நடித்தவன் புவனேசன். அப்போது இருபத்தைந்து வயது, வேலை தேடிக்கொண்டிருந்தான். நேர்முகத் தேர்வுக்கென்று வைத்திருந்த ஒரே கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மையால் மீசை வரைந்துகொண்டு வந்தான். மற்ற இருவர் தோட்டத்துப் பையன்கள். படம் முடிந்ததும் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ராக்கெட்டுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. கோயில் கொட்டகையில் மாரியம்மனின் பழைய தேர் அச்சு முறிந்து கிடந்தது. புதுத்தேர் வந்துவிட்டது, பழையதைக் கேட்பாரில்லை. சாமி இல்லாத தேர்தானே, எடுத்துக்கொள் என்று பூசாரியே சொல்லிவிட்டார். அதைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அதற்குள் சாப்பாட்டுக்கடையாகிவிட்ட அய்யூப் கடையில் சோறு மடிக்கும் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் பொத்தான்களாயின. உர டிரம் எஞ்சினாயிற்று. விண்கல் மழைக்கு, கல்யாண வீடியோவில் போடுகிற ரோஜா இதழ்களைச் சாம்பல் நிறமாக்கித் தூவிவிட்டாள்.

ஏறுகிற காட்சியை ஒரு மத்தியானம் எடுத்தார்கள். வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். நான்கு பேரும் நடந்து வந்தார்கள், ஏறினார்கள், கதவு மூடியது. “ஓகே!” என்று காஞ்சனா கத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

நான்கு நாள் கழித்துக் கணினியில் பார்த்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விண்வெளி வீரர்கள் ஒவ்வொருவராக நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறார்கள். புவனேசன் காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் திணித்துவிட்டு ஏறுகிறான். யாரும் நினைத்துச் செய்யவில்லை. தகரத்துக்கு அடியில் இருப்பது அம்மன் தேர் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வரிசையின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு ஜோடி, வார் அறுந்து ஊக்கு குத்திய ஜப்பான் சிலிப்பர். காட்சிக்கு முன் தேர்மேல் ஏறித் தகரத்தைச் சரிசெய்யப் போனவள் தானும் கழற்றிப்போட்டதை அவளே கவனிக்கவில்லை.

திரும்ப எடுக்க முடியாது. தகரத்தைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு பல்லியின் முதுகு ஜிப் ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியில் ஒரு விநாடியைக்கூட வெட்டாமல் அப்படியே வைத்தாள்.

படம் ஒரே ஒரு தடவை, அந்த வருடத் திருவிழாவில், வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டப்பட்டது. இருபதாவது நிமிஷம் மழை கொட்டியது. சனம் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடியது. அதோடு சரி. அடுத்த வருடம் ரப்பர் தோட்டம் கைமாறிச் செம்பனைத் தோட்டமும் வீடமைப்புமாக ஆயிற்று. படத்தை யூடியூபில் போட்டு வைத்தாள். அது பதினைந்து வருடம் அங்கேயே கிடந்தது.

‘சிரிக்கிறவன் முழுசாப் பார்த்துட்டுச் சிரிக்கட்டும்’ என்று தீர்மானித்துத்தான் இந்தத் தை மாதம் அவள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தைக் கேட்டுப் போனாள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் யாரென்றால், சாட்சாத் பழைய கங்காணி புவனேசன்தான். இப்போது குருண் தொழிற்சாலை ஒன்றில் உதவி மேலாளர்.

“மண்டபம் தர்றேன்க்கா. ஆனா அந்த சிலிப்பர் சீன் இருக்கக் கூடாது” என்றான்.

“அந்த சீனுக்காகத்தான்டா சனமே வரும்.”

“அதான் சொல்றேன். போன வாரம் ஆபீஸ் கதவத் தெறக்கிறேன், வாசல்ல நாலு ஜோடி சிலிப்பர் அடுக்கி வெச்சிருக்கானுங்க. வேலைக்கு வந்த நேபாளிப் பையன்கூடச் சிரிக்கிறான். பத்து வருஷமா நாயாப் பாடுபட்டு அந்த நாற்காலில உக்காந்தேன்க்கா. ஏஐல குடுத்தா ரெண்டு நிமிஷம், சிலிப்பரு போய்டும். நானே செஞ்சு தர்றேன்.”

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. ஆனால் காஞ்சனாவுக்குக் கோபம்தான் வந்தது. “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு நேரே காளியம்மா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விட்டாள். காளியம்மா தன் பக்கம் நிற்பாள் என்று நம்பித்தான் போனாள்.

காளியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதிலும் கேப்டனுக்குரிய குரல் குறையவில்லை. அன்றைக்கு மட்டும் குரல் இறங்கியிருந்தது.

“எடுத்துடேன் காஞ்சனா. எம் மக ரூபினியப் பொண்ணு பார்க்கப் பெண்டாங்லேருந்து வந்தாங்க. வந்தவங்க என் மொகத்தப் பார்க்காம என் காலப் பார்த்துச் சிரிக்கிறாங்கடி. மகளுக்கு ஒரு நல்லது நடக்கிற நேரம்.”

ஊர் சொல்லியிருந்தால் ஊரை எதிர்த்திருப்பாள். காளியம்மா சொன்னால் அவள் என்ன செய்வாள்? அந்த வருடம் முழுக்க, விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் வந்து வெயிலில் நின்றவள். எங்கேயும் போகாமல், எதையும் கேட்காமல் நடித்துக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்து புவனேசனுக்குப் படத்தை அனுப்பினாள். தன் செருப்பைத் தானே பொறுக்கிக் குப்பையில் போட்டதாகவே அவளுக்குப் பட்டது.

மறுநாளே திருத்திய படம் வந்துவிட்டது. காளியம்மாவிடம் காட்டாமல் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். ரூபினியும் வந்து உட்கார்ந்தாள். காட்சி ஓடியது. தரை சுத்தமாக இருந்தது. ஒரு செருப்பு இல்லை. நான்கு பேரும் விறுவிறுவென்று நடந்து வந்து ஏறினார்கள். குனிவதும் கழற்றுவதும் போய்விட்டதால் வெறுங்காலோடு விண்வெளிக்குப் போனால் நன்றாக இருக்காது என்று அந்தக் கணினி அறிவு நினைத்ததோ என்னவோ, நான்கு பேர் காலிலும் முழங்கால் வரை வெள்ளைப் பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தது.

காளியம்மா திரையருகே குனிந்து பார்த்தாள்.

“இது யாரு காலு?”

“உன்னோடதுதாம்மா” என்றாள் ரூபினி.

“என் கால்ல யாருடி சப்பாத்து மாட்டுனது?” காளியம்மா எழுந்தே விட்டாள். கீரைத்தட்டு உருண்டது. “அம்மன் தேர்ல நான் சப்பாத்தோட ஏறி நிக்கிறேனா? நான்? என் புருஷன் செத்த வருஷங்கூடத் தீமிதிக்கு வேல செஞ்சவ நான். என்னப் போய் இப்டிக் காட்டுறானா அவன்?”

“அக்கா, அது தகரம் அடிச்சிருக்கு, பார்க்கிறவங்களுக்குத் தேருன்னு தெரியாது…” என்று இழுத்தாள் காஞ்சனா.

“எனக்குத் தெரியும்ல! சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். பழைய சிலிப்பரத்தான் போட்டிருந்தேன், அதுக்கு இப்ப என்ன? திருடியா போட்டேன்? பெண்டாங்காரங்களுக்குப் பிடிச்சா வரட்டும். இல்லன்னா அவங்க சிலிப்பர மாட்டிக்கிட்டுப் போகட்டும். என் சிலிப்பர எடுத்த எடத்துல வைக்கச் சொல்லு!”

ரூபினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காஞ்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அங்கேயே, காளியம்மா வீட்டு வாசலில் நின்றே புவனேசனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, ஒன் மண்டபம் வேணாம். ஒரு சிலிப்பரையும் நான் எடுக்கப் போறதில்ல. ஓஞ் சப்பாத்து உட்பட.”

“அக்கா, என் வேல…”

“ஒனக்கு அவமானமா இருக்கிறது எனக்குப் புரியுது. ஆனா சாமி தேர்ல செருப்பக் கழட்டிட்டு ஏறுனது அவமானமா, கழட்டுன கால்ல சப்பாத்து மாட்டி விட்டது அவமானமா? நீயே ஒக்காந்து யோசி. படம் ஞாயித்துக்கெழம மூனு மணிக்கு. எங்கன்னு அப்புறம் சொல்றேன்.”

எங்கே என்று அவளுக்கே அப்போது தெரியாது. குருணுக்குப் போனாள். அய்யூப் இப்போதும் அதே கட்டடத்தில் கீழே சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். தாடி நரைத்துவிட்டது. மேலே டேப் கடை இருந்த மாடி காலியாகத்தான் இருந்தது. வேலையாட்கள் தொழுவதற்குப் பாய் விரித்து வைத்திருந்தார்.

“மாடிய எடுத்துக்கம்மா. நா அந்தப் பொட்டில போட்ட குப்பையத்தான நீ பொறுக்கிட்டுப் போன. திரும்பி வந்தா வேணாம்னா சொல்வேன்?” என்றார். “ஒன்னே ஒன்னு. மேல தொழுவுற எடம். எவனும் செருப்போட ஏறக் கூடாது.”

காஞ்சனா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மாடிப்படியின் கீழே ஆணி அடித்து மாட்டினாள்: ‘ராக்கெட்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றவும்.’ அதைப் படம் எடுத்து, நாளும் நேரமும் போட்டு, தன்னைக் கேலி செய்த அத்தனை பதிவுகளின் அடியிலும் ஒட்டினாள்.

முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கே மாடி நிறைந்துவிட்டது. தொழிற்சாலைப் பெண்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், பினாங்கிலிருந்து ஒரு வேன், சுங்கைப்பட்டாணி மாப்பிள்ளைத் தோழர்கள் நால்வர். ஜன்னல்களில் நீலக் கேன்வாஸ் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார் அய்யூப். செருப்புகள் படிக்குப் படி அடைத்து, கீழே கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் பரவி, ரோட்டு விளிம்பு வரைக்கும் போயிருந்தன. காளியம்மா பட்டுச்சேலை கட்டி, ரூபினியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். மங்குப் பொத்தானுக்கு, உர டிரம்முக்கு, மையில் வரைந்த மீசைக்கு. தோட்டத்தை மூடும் அறிவிப்பை ஒட்டுகிற காட்சி வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்தக் காகிதம் வந்திருக்கிறது. இருபதாவது நிமிஷம் தாண்டியது. இருபத்துநான்காவது நிமிஷம் அந்த மத்தியான வெயில் திரையில் விழுந்தது.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. திரையில் காளியம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள். “ஒன்னு!” என்று மாடியே கத்தியது. “ரெண்டு! மூனு! நாலு!” வரிசை முழுதும் தெரிந்தபோது “அஞ்சு!” என்ற சத்தத்தில் தகரக்கூரை அதிர்ந்தது. விசில் பறந்தது.

“நீலக் கலரு என்னோடது!” என்று காளியம்மா எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பின்னால், படிக்கட்டுப் பக்கத்து இருட்டிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

“கறுப்புச் சப்பாத்து என்னோடது.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புவனேசன் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மாப்பிள்ளைத் தோழர்கள் சல்யூட் அடித்தார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பி அடித்தான்.

“அஞ்சாவது?” என்று ஒரு பெண் கத்தினாள். “அஞ்சாவது யாரோடது லா?”

காஞ்சனா படத்தை நிறுத்தினாள். ஐந்து ஜோடியும் திரையில் உறைந்து நின்றன. அவள் எழுந்து திரைக்கு முன்னால் வந்தாள். கண் கூசியது.

“என்னோடது” என்றாள். “படம் எடுத்தவளோடது. ஊக்கு குத்தியிருக்கு, நல்லாப் பாருங்க. அந்தத் தகரத்துக்கு உள்ளாற எங்க மாரியம்மன் தேரு இருக்கு. அதான் எல்லாரும் கழட்டுனோம். இத அழிச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் அழிக்கல. இன்னும் ஒரு மணி நேரம் படம் இருக்கு. பதினஞ்சு வருஷமா இதோட முடிவ ஒருத்தரும் பார்க்கல. இன்னைக்கு ஒருத்தரும் எந்திரிச்சுப் போகக் கூடாது.”

படத்தை மறுபடி ஓடவிட்டாள். ராக்கெட் கிளம்பியது. சாம்பல் நிற ரோஜா இதழ்கள் விண்கல்லாகப் பொழிந்தன. காளியம்மா கங்காணியைப் பால்வாளிக் கயிற்றால் கட்டிவிட்டு, “எங்க தாத்தனக் கப்பல்ல கொண்டாந்தீங்க. இந்த மொற வண்டிய நாங்கதான் ஓட்டுவோம்” என்று மங்குப் பொத்தானை அழுத்தப் போகிற நேரம் பார்த்து, மேலே தகரத்தில் மழை இறங்கியது.

காஞ்சனாவுக்கு அந்தத் திருவிழா மழை ஞாபகம் வந்தது. குருணில் வழக்கமாக அடிக்கிற மழை, பேச்சுக்குரல் கேட்கவில்லை. சாரல் அஞ்சடிக்குள் அடிக்கும், ரோட்டோரம் கிடக்கிற செருப்புகள் மிதந்து கால்வாய்க்குப் போகும். எல்லாருக்கும் அது தெரியும். ஒரு பையன் படிக்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பினான்.

“ஒக்காருடா. நனைஞ்சா நனையட்டும்” என்றான் பக்கத்தில் நின்ற புவனேசன்.

அய்யூப் போய் ஒலியைக் கூட்டினார். திரையில் ராக்கெட் பூமி பக்கம் திரும்பியது. கீழே அத்தனை செருப்பும் நனைந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.